கணுவை நறுக்கிய தையல்காரர்

என் அத்தான் தையல்காரர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எங்கள் வீட்டு மணி பிளான்ட்டுக்கு அதுவே எமனாக வந்து வாய்த்தது.

அக்கா வெளிநாட்டில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளப் போய் ஒன்றரை வருஷம். அவள் ஜன்னல் கம்பியில் ஏற்றிவிட்டுப்போன கொடி, தையல் மிஷினுக்கு மேலே சுவரோடு ஓடிக் கதவு நிலையைத் தொட்டிருந்தது. அவள் திரும்பும்போது அது உயிரோடு இருக்க வேண்டும். அத்தானுக்கு வேறு ஆசை கிடையாது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்காவுக்கு அரைமணி நேரம் ஓய்வு. போனில் முகம் தெரிந்ததும் முதல் கேள்வி, "செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

இல்லையென்று சொல்ல அவருக்கு மனசு வராது. ஊற்றாமல் ஊற்றினேன் என்று புளுகவும் வராது. அதனால் நாலே முக்காலுக்கு மிஷினை நிறுத்திவிட்டு ஒரு சொம்பு தண்ணீரைக் கவிழ்ப்பார். மண் சேறாகக் கிடந்தாலும் சரி.

"மண்ணு காஞ்சா ஊத்தினா போதும் அத்தான். வேர் அழுகிடும்."

"அவ கேப்பாளே," என்பார்.

இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பச்சையாக இருந்த நுனிப் பக்கமே போனைத் திருப்பிக் காட்டினார். "கேட்டா சொல்லிடுவேன். அவ கேக்கலையே," என்று எனக்குச் சமாதானம் வேறு.

அடித்தண்டு கொழகொழத்த அன்று, நுனியை வெட்டித் தண்ணீரில் போட்டால் பிழைக்கும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். கணுவோடு வெட்டச் சொல்லவில்லை. நாலரைக்கு வந்து பார்த்தால், கண்ணாடி டம்ளரில் ஏழு இலைகள், காம்பெல்லாம் ஒரே அளவு. கணுக்களையும் அவற்றில் துருத்திக்கொண்டிருந்த பழுப்பு வேர்களையும் நூல் பிசிறு வெட்டுவதுபோல் சுத்தமாக நறுக்கி எறிந்திருந்தார். கணு இல்லாத இலையிலிருந்து கொடி வராது. மீதிக் கொடியை அள்ளிக்கொண்டு குப்பை வண்டியும் மத்தியானமே போய்விட்டது.

"அளவாத்தானே வெட்டினேன்," என்றார்.

ஐந்து மணிக்கு அக்கா வழக்கம்போல் கேட்டாள்.

"செத்துப்போச்சும்மா. நான்தான் கொன்னுட்டேன்," என்று அத்தான் விம்மி அழுதார்.

அக்கா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "போனா போகுதுங்க. செடிய யார் நெனச்சா? போன் பண்ணா உங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியல. அதான் தெனமும் அதக் கேட்டேன்."

அவளுடைய ஓய்வில் இன்னும் இருபது நிமிஷம் மிச்சம் இருந்தது. அத்தான் போனைப் பிடித்தபடியே நின்றார். அவளும் வைக்கவில்லை. இரண்டு பேருக்கும் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை.