மைக் செட்காரியின் தொல்லை அகராதி

மைக் செட் தொழிலில் ஒரு விதி உண்டு: சத்தம் தெளிவாகக் கேட்டால் பேசியவருக்குக் கைத்தட்டல், கரகரத்தால் நமக்குத் திட்டு. பந்தல், சமையல், போட்டோ என்று விசேஷங்களை நம்பிப் பிழைக்கிற என் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் ஆனையூரில் சொந்தமாக மைக் செட் வைத்திருக்கிறேன். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நிரந்தர ஆளாகிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. மண்டப மேனேஜர் அண்ணன் பட்டும் படாமலும் சொன்னார்: "பொம்பளப் பிள்ள தாங்குவியான்னு தெரியல. மூணு விசேஷம் பாப்போம். ஒரு புகார் வந்தாலும் வேற ஆளுதான்."

நச்சு

தொல்லைகளில் சின்னது நச்சு. ஆளைக் கொல்லாது, நிம்மதியாக இருக்கவும் விடாது. முதல் விசேஷம் ஒரு காதுகுத்து. சீர் கொண்டுவந்தவர்கள் பெயரை அறிவிக்கத் தாய்மாமன் ஒவ்வொரு முறை மேடையேறும்போதும் மைக்கை டொக் டொக்கென்று தட்டினார், ஃபூ ஃபூவென்று ஊதினார். புது மைக். என் நெஞ்சில் தட்டுவது போல இருந்தது. தட்டாதீர்கள் என்று தாய்மாமனிடம் சொல்லிவிட்டு அந்த மண்டபத்தில் யார் பிழைப்பது?

அடுத்த முறை, வயர் மாட்டாத பழைய மைக் ஒன்றைக் கையில் கொடுத்தேன். ஆசை தீரத் தட்டினார். "வேல செய்யலயேம்மா" என்றார் பெருமையாக. பவ்யமாக வாங்கிக்கொண்டு புது மைக்கை நீட்டினேன். "ஹலோ" என்றதும் மண்டபம் அதிர்ந்தது. மேனேஜர் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நான் தட்டிப் பாத்துச் சொன்னதுனாலதான் சரியாச்சு. இந்தப் பிள்ள சொன்னா ஒடனே கேட்டுக்குதுய்யா."

அறுவை

அடுத்தது, மிஷன் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் பணி நிறைவு விழா. வாழ்த்த வந்த நண்பர், இருவரும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததில் தொடங்கி வகுப்பு வகுப்பாக ஏறிவந்தார். பிரியாணி வாசத்தில் கூட்டம் நெளிந்தது. அத்தனை பேரும் அவரை விட்டுவிட்டு என்னை முறைத்தார்கள். மைக்கை அணைத்தால், மைக் சரியில்லை என்று பழி என் தலையில் விழும்.

பேசுகிறவர் தன் குரலைத் தானே கேட்பதற்கு மேடையில் அவரைப் பார்த்து ஒரு சின்ன ஸ்பீக்கர் பாக்ஸ் வைப்போம். அதில் மட்டும் எதிரொலியைக் கூட்டினேன். கூட்டத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவருக்கு மட்டும், சொன்னதெல்லாம் கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது. எட்டாம் வகுப்பில் தடுமாறினார். ஒன்பதாம் வகுப்புக்குப் போகாமலே "ஆகவே" என்றார். அந்த 'ஆகவே'க்கு விழுந்த கைத்தட்டலை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. இறங்கி வந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் பேசுறத நானே கேட்டதுக்கப்பறம், மேல பேசத் தோணலம்மா."

அலப்பறை

அலப்பறைக்கு விளக்கம் கேட்பவர் மதுரைக்காரராக இருக்க முடியாது. மூன்றாவது, ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்து ரிசப்ஷன். மாப்பிள்ளையின் நண்பன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு பெரிய பாக்ஸுக்கு நேர் முன்னால் போய் நின்று "மாப்ள!" என்று கத்தினான். அங்கே மைக்கைக் கொண்டுபோனால் பாக்ஸ் கூவென்று ஊளையிடும். ஊளையிட்டது. குழந்தைகள் அலறின. மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

மைக்கைப் பிடுங்கினால் சண்டைதான். அதனால் குழைந்து பேசினேன். "தம்பி, இம்புட்டு கணீர்க் குரல வச்சுக்கிட்டு வீணாக்குறீங்களே. பந்திக்கு ஆள் கூப்பிடணும், வாங்க." பாக்ஸுக்குப் பின்பக்கம், என் பக்கத்திலேயே நாற்காலி போட்டேன். அங்கே உட்கார்ந்து பேசினால் ஊளை வராது. அவன் தமிழிலும் தங்கள் வீட்டு மொழியிலும் மாற்றி மாற்றி, உறவுமுறை சொல்லி அழைக்க அழைக்க, பெரியவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். இடத்துக்கு அடித்துக்கொள்ளாமல் ஒரு பந்தி நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜர் அண்ணன் வந்து நின்றார். பாக்ஸையும் என்னையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டுக் கனத்த ஒவ்வொரு தடவையும் எதுக்கும்மா தூக்கிட்டு அலையிற? மேடைக்குப் பின்னாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு, பூட்டி வச்சுக்கிட்டுப் போ."

தொல்லை தராத ஜனங்கள் மட்டுமே கூடுகிற விசேஷம் ஒன்று நடந்தால், அங்கே மைக் செட்டுக்கு ஒரு வேலையும் இருக்காது என்பது என் கருத்து.