அந்தமான் டூரும் வியாழக்கிழமைச் சூலமும்

"அம்மிணி, ஒரு நாளுகூட வண்டி சும்மா நிக்கப்படாது, பாத்துக்குங்க" என்றார் குப்புசாமி அண்ணன். வண்டி என்று அவர் சொன்னது தன்னையும் தன் மனைவி சரசு அக்காவையும்தான்.

சங்ககிரியில் டிராவல்ஸ் நடத்தும் எனக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. என் கஸ்டமரில் பாதிப் பேர் லாரி ஓனர்கள். லாரி ஓடினால் வருமானம், நின்றால் நஷ்டம். அதே கணக்கை அந்தமானுக்கும் போடுவார்கள். அண்ணன் கொண்டுவந்த பிளானில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் தீவு, பாராட்டாங் குகை என எல்லாம் இருந்தன. மூச்சு விடத்தான் நேரமில்லை.

அதற்கு முந்தின நாளே அக்கா எனக்குப் போன் செய்திருந்தார். "கோயிலுக்குப் போனாக்கூட சாமியக் கும்பிட்டதும் 'ஏறு வண்டில'ன்னுருவாரு கண்ணு. எனக்கு ஒரே ஒரு நாளு கடலோரமா சும்மா உக்காந்திருக்கோணும். நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லீராதீங்க."

அதனால் நானே மெல்ல ஆரம்பித்தேன். "ஹேவ்லாக்ல ஒரு நாள் ரெஸ்ட் விடலாமுங்ளா அண்ணா?"

"ரெஸ்ட் எடுக்க ஊட்டுல கட்டில் இல்லீங்களா? அதுக்கு ப்ளைட் ஏறிப் போகோணுமா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. வியாழக்கிழமை ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவுக்குப் படகு டிக்கெட் போட கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்.

அதுவரை மேஜை மேல் இருந்த மேப்பையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார். "ஏனுங் கண்ணு, இந்தத் தீவுல இருந்து அந்தத் தீவு எந்தப் பக்கம்?"

"தெக்கயுங்க அக்கா."

அக்கா நிமிர்ந்து சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார். "வியாழக்கெழம தெக்க சூலமாச்சுங்களே! நான் படகு ஏற மாட்டேன்."

அண்ணனும் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். சூலம் இருக்கும் திசைக்குத் தூரத்து லோடு ஏற்றிய லாரியை அனுப்பாதவர் அவர். பெண்டாட்டியை எப்படி அனுப்புவார்? ஆனாலும், "பரிகாரந்தான் இருக்குதே, ரெண்டு சொட்டு எண்ணெயக் குடிச்சுட்டு ஏறுனாச் செரியாப் போச்சு" என்றார்.

"எண்ணெயக் குடிச்சுட்டுப் படகுல ஏறுனா என்ன வருமுங்க? வாந்திதான் வரும்!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு படகை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன். ஒரு நாள் தள்ளிப்போனதால் பாராட்டாங் குகையைப் பிளானிலிருந்து நீக்கினேன். ஹேவ்லாக்கில் வியாழக்கிழமை முழுக்கக் காலியாகக் கிடந்தது.

அண்ணன் லேசில் விடவில்லை. "அப்ப ஞாயித்துக்கெழம ஊருக்கு வாற ப்ளைட்டு? அது மேக்க சூலமாச்சே!"

"அதுக்குப் பரிகாரம் வெல்லமுங்க. நம்ம பக்கம் வெல்லத்துக்கா பஞ்சம்? பையில ரெண்டு கட்டி போட்டுக்கலாம்" என்றார் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

டூர் முடிந்து வந்ததும் அண்ணன் மட்டும் ஆபீசுக்கு வந்தார். குகையை விட்டதற்குச் சண்டை போடப்போகிறார் என்று பயந்தேன்.

"அந்த வியாழக்கெழம பொழுதுக்கும் கடலோரத்துலயே உக்காந்திருந்தமுங்க. அவ பேசுனா, பேசுனா, பேசிக்கிட்டே இருந்தா. எங்கூட்டுக்காரி இத்தன பேசுவாங்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும் அம்மிணி" என்றார். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிளான் சொல்கிறவரிடம் மட்டும் பேசி டிக்கெட் போடாதீர்கள். பக்கத்து நாற்காலியில் பேசாமல் இருப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அண்ணன் போன வாரம் லட்சத்தீவுக்குப் பிளான் கேட்டு வந்தார். போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளானையும் காலண்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர், திருப்தியில்லாமல் என்னிடமே நீட்டினார்.

"என்ன அம்மிணி, ஒரு சூலங்கூட மாட்டலையே? ரெண்டு சூலமாவது வாற மாதிரி மாத்திப் போடுங்க."