பின்னிருக்கை இல்லாத பிக்கப்

எனக்கு ஒன்பது வயதான அந்த வசந்தகாலத்தில் எங்கள் வீட்டில் பிக்கப் வண்டியைத் தவிர வேறு பேச்சு இருக்கவில்லை. இத்தாலியில், பலேர்மோ நகரத்துக் கபோ சந்தைக்குப் பின்புறம், இரண்டு கழுதைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அப்பா கடலோரத்துப் பெரிய வீடுகளில் தோட்டவேலை செய்தார். மண்மூட்டைகளையும் எலுமிச்சைச் சாடிகளையும் வெட்டிய கிளைகளையும் இரவல் லாப்பாவில் ஏற்றிச் செல்வார். லாப்பா என்பது அந்த ஊர்க்காரர் பிள்ளைபோல் வளர்க்கும் மூன்று சில்லு வண்டி. அது மேட்டில் ஏறும்போது அப்பாவும் சேர்ந்து மூச்சுவாங்குவார். சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கும் காலம் வந்துவிட்டது என்று ஒருநாள் அவர் அறிவித்தார்.

ஒரேத்தோ பக்கம், பழைய வாகனங்கள் விற்கும் வளவு ஒன்றில் இரண்டு பிக்கப்கள் அருகருகே நின்றன. ஒன்று வெள்ளை நிறம், நடுத்தர அளவு. முன்னிருக்கை மட்டுமே, மூன்று பேர் நெருங்கி உட்காரலாம். மற்றது கருநீலம், அமெரிக்கர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுச்சென்றதாம். முன்னால் நின்று பார்த்தால் அதன் மூக்கு என் தலைக்கு மேலே இருந்தது. அதற்குப் பின்னிருக்கையும் இருந்தது. அதில் ஐந்து பேர் போகலாம். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே அந்தச் சாக்கைச் சொல்லி ஒன்றைத் தள்ளிவிடவும் வழியில்லை.

நாங்கள் மூன்று பேர். நாலாவது ஆளுக்காகத்தான் அப்பா தடுமாறினார்.

அந்த நாலாவது ஆள் என் அக்கா. நான் பிறப்பதற்கு முன்பே, நாலு வயதில், யாழ்ப்பாணத்தில் பெரியம்மாவின் கையில் ஒப்படைக்கப்பட்டவள். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்த அப்பாவும் அம்மாவும், பதினோரு வருடம் அலுவலகம் அலுவலகமாக வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டுதான் அவள் வருவதற்கு அனுமதி கிடைத்தது. பயணச்சீட்டு எடுப்பது ஒன்றே மீதம். அவளை நான் கைத்தொலைபேசித் திரையில் மட்டுமே கண்டிருந்தேன். உள்ளங்கையளவே இருந்த அந்த உருவத்தின் மேல் எனக்கு இருந்த பொறாமை, எங்கள் வீட்டின் எந்த அறைக்குள்ளும் அடங்காதது.

அதற்குக் காரணங்கள் நாள்தோறும் கிடைத்தன. என் அலுமாரியின் நடுத்தட்டு அவளுக்காகக் காலியாக்கப்பட்டது. கத்தரிக்காய்க் குழம்பு கொதிக்கும்போது அம்மா என்னைப் பார்த்து, அக்காவுக்கு உறைப்புக் கூடக் கூடாது என்பார். உறைப்புக் கூடாதென்று நான் அழுத நாட்களில் அப்படியொரு கரிசனம் இருந்ததில்லை. வியா மக்வேதா கடைத்தெருவில் அம்மா எனக்குச் சப்பாத்து வாங்கப்போய், கண்ணாடிக்குள் இருந்த பெரிய அளவுச் சப்பாத்தொன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வராதவளுக்கு வீட்டில் குறையில்லை. இருக்கிறவள்தான் எப்போதும் காலடியில் இடறினாள்.

வளவுக்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார். அவருக்குத் தெரிந்த இத்தாலிய மொழி தோட்டத்துக்குப் போதும். வியாபாரத்துக்கு நான் வேண்டியிருந்தேன். விற்பவர் பெருஞ்சீரகத் தண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டே, எங்கே குடியிருக்கிறீர்கள் சிஞ்ஞோரினா என்று, என்னைப் பெரிய பெண்போல் மரியாதையாக விளித்துக் கேட்டார். சொன்னேன். அவர் கருநீல வண்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் ஒருமுறை சொன்னதை நான் சுவைத்துச் சுவைத்து மொழிபெயர்த்தேன்.

"அப்பா, பெரிசு எங்கடை ஒழுங்கைக்குள்ளை வரவே வராதாம். திரும்பவும் ஏலாதாம். சந்தைக்காரர் அடிக்க வருவினமாம்."

"கடைசி வசனம் அவர் சொன்னதோ, நீ சொன்னதோ?" என்றார் அப்பா.

அவர் பெரிய வண்டியின் பின்கதவைத் திறந்து, உள்ளே ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். பிறகு தன் பையிலிருந்து கொடிக்கயிற்றை எடுத்து வண்டியின் அகலத்தை அளந்து முடிச்சிட்டுக்கொண்டார்.

அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் அந்தக் கயிற்றின் ஒரு முனையை நான் சுவரில் பிடிக்க, மறுமுனையை அப்பா இழுத்தார். மேல்மாடி இத்தாலியப் பெண்மணி எட்டிப்பார்த்து, துணி காயப்போடுவதென்றால் இன்னும் உயரத்தில் கட்டச் சொன்னார். முடிச்சுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையில் ஒரு உள்ளங்கை அகலமே மிஞ்சியது.

"பக்கக் கண்ணாடியை மடிச்சா வரும்," என்றார் அப்பா.

உடன் வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். "வரும் அத்தான். வந்த பிறகு கதவைத் திறக்கேலாது. உள்ளுக்கையே குடும்பத்தோடை சீவிக்க வேண்டியதுதான். கப்பல் வாங்கினா துறைமுகத்திலை கட்டவேணும், கிணத்துக்குள்ளை இறக்கக்கூடாது."

நான் மாமாவை அன்றுதான் முழுமனதாக நேசித்தேன். அப்பாவோ முடிச்சை மறுபடி தடவிப் பார்த்து, "பிள்ளை வந்தா எங்கையடா இருத்துறது? பின்பெட்டியிலை, சாடியோடையோ?" என்று மட்டும் கேட்டார். மாமா சுவரை விட்டு விலகி, கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

என் எரிச்சலின் உச்சம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா இரண்டு வண்டிகளின் படங்களையும் அக்காவுக்கு அனுப்பி, எதை வாங்குவதென்று அவளிடம் கேட்டார். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒழுங்கையின் ஒவ்வொரு பள்ளமும் என் முழங்காலுக்குத் தெரியும். அவளோ பலேர்மோவில் ஒரு தெருவைக்கூட மிதித்தவளல்ல. அவளுடைய தீர்ப்புக்காக நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில், தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்துக் காத்திருந்தோம்.

"பெரிசிலை பின்னுக்கு நல்ல இடம், பிள்ளை," என்றார் அப்பா. "சன்னல்பக்கம் உனக்குத்தான். நான் இருந்து பார்த்தனான். கடல் தெரியும்."

சன்னல்பக்கம்! எனக்கு என்றைக்குமே ஒதுக்கப்படாத ஒன்று, ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தவளுக்குப் பதிவாகிவிட்டது. நான் திரைக்குள் தலையை நீட்டி, சந்தைக் கூடாரங்களையும், பக்கக் கண்ணாடிகளையும், விற்பவரின் தலையாட்டலையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். "சும்மா இரு பிள்ளை, அக்கா கதைக்கட்டும்," என்று அம்மா என்னைப் பின்னால் இழுத்தார்.

அக்கா திரும்பிப் பின்னால் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் பெரியம்மா எதையோ எடுத்துக்கொண்டு போவதும், கொஞ்சம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வருவதும் தெரிந்தது.

"சின்னனையே எடுங்கோ அப்பா," என்றாள். "உங்கள் மூண்டு பேருக்கும் அது காணும்."

"பின்னுக்கு இருக்க இடமில்லையே அதிலை."

"ஓம் அப்பா. தெரியும்."

 அப்பா தொலைபேசியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். நான் கதிரையிலிருந்து குதித்து இறங்கினேன். என் நியாயங்களின் பலத்தில் அக்காவே தோற்றுப்போனாள் என்று நம்பினேன். அப்பாவின் தோளில் தொங்கி, "நான் சொன்னதுதானே சரி?" என்று கேட்டேன். "ஓமடா, நீ சொன்னதுதான் சரி," என்றார். வாழ்க்கையில் அப்படியொரு ஒப்புதலை அவரிடம் பெற்றதில்லை. அதற்கு ஏன் அவ்வளவு களைத்த குரல் என்று நான் யோசிக்கவில்லை.

அக்கா பள்ளிச் சோதனை முடிந்ததும் வருவாள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. பெரியம்மாவைத் தனியே விட்டு வரமாட்டேன் என்றும், அம்மா என்று சொன்னால் தனக்கு நினைவில் வருவது பெரியம்மாவின் முகந்தான் என்றும் அவள் அன்று பல்கனியில் நின்ற அம்மாவிடம் சொன்னதை, நான் வளர்ந்து, அவளோடு என் பாட்டில் கதைக்கத் தொடங்கிய பிறகே அறிந்தேன். அப்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். சின்ன வயதில் தொலைபேசித் திரையில் அப்பாவின் மடியில் நான் ஏறிக் குந்துவதைப் பார்க்கும் நாளெல்லாம், நெட்வேர்க் இல்லை என்று பொய்சொல்லி இணைப்பைத் துண்டிப்பாளாம்.

வெள்ளைப் பிக்கப்பை எடுத்துக்கொண்டு நாங்கள் ஒரேத்தோவிலிருந்து புறப்பட்டபோது இவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது. இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் அம்மா, நடுவில் நான். மூவருக்கும் தைத்தெடுத்ததுபோல் அளவாக இருந்தது அந்த இருக்கை. அப்பா கியரை மாற்றும்போதெல்லாம் என் முழங்கால் இடிபட்டது. அதுகூட ஒரு மரியாதையாகத் தோன்றியது. கடற்கரையோரம் வண்டியை நிறுத்தச் செய்து, அக்காவை அழைத்தேன். என் வெற்றியை அவள் பார்க்கவேண்டும்.

ஒவ்வொன்றாகக் காட்டினேன். சுக்கான், வானொலி, கையுறை வைக்கும் சிறு அறை. பிறகு தொலைபேசியை அப்பாவிடம் கொடுத்து, எட்டிப் பிடிக்கச் சொல்லி, அம்மாவின் கையைக் கோத்து, அவர் தோளில் என் தலையை நன்றாகச் சாய்த்துக்கொண்டு திரையைப் பார்த்துச் சிரித்தேன்.

"சின்னவள், கொஞ்சம் தலையை எடு," என்றாள் அக்கா. "மறைக்குது."

எங்களுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வழியாகத் தெரியும் பின்பெட்டியைத்தான் நான் மறைக்கிறேன் என்று விளங்கிக்கொண்டேன். எத்தனை சாடிகள் வைக்கலாம் என்று அவள் பார்க்கட்டும். பெருந்தன்மையோடு இருக்கையிலிருந்து வழுக்கி இறங்கி, கால்வைக்கும் இடத்தில் குந்திக்கொண்டேன். மேலே அப்பாவும் அம்மாவும், நடுவில் என் இடம் காலியாக, திரையை நோக்கியபடி அசையாமல் இருந்தார்கள்.

"இப்ப தெரியுதோ அக்கா?"

"ஓம். தெரியுது. கொஞ்ச நேரம் அப்பிடியே இரு."

கால் மரத்துப்போகும்வரை இருந்தேன். அவளுக்கு வயிறு எரியட்டும் என்று மகிழ்ந்தேன். வெறும் பின்பெட்டியில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.