தேவராசாவின் இரண்டு பைகள்

குனிந்து மதிலடியை ஒருமுறை மோந்துவிட்டுத்தான் தேவராசா படலையைத் தட்டுவார். கலியாணப் புரோக்கர் வந்திருக்கிறார் என்று வீட்டுக்காரர் கதிரை இழுத்துப் போடும்போது அவர் கையில் மரநாய் எச்சம் இருக்கும்.

சைக்கிளின் இடப்பக்கக் கைபிடியில் சாதகப் பை. வலப்பக்கத்தில் கஜானி கொடுத்த பை. அதற்குள், போகிற ஊர்களில் எச்சம் சேர்த்துக் கொடுக்க மூடி போட்ட சின்னக் குப்பிகள். கஜானி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். எச்சத்தில் உள்ள மரபணுவை வைத்து, வன்னிக் காட்டு மரநாய்களுக்குள் இரத்தம் எவ்வளவு வேறுபடுகிறது, நம் வீட்டுக் கூரைகளில் ஓடுகிறவற்றுக்குள் எவ்வளவு என்று ஊர் ஊராக ஒப்பிடுகிறாள். தேவராசாவுக்கு விஷயம் உடனே பிடிபட்டது.

"இங்கை உள்ளதெல்லாம் மச்சான் மச்சாளைக் கட்டினதுகள் பிள்ளை. வன்னியிலை இருந்து ஒரு மாப்பிள்ளை வந்தாத்தான் சரி."

சுன்னாகத்தில் முப்பது வருடமாகக் கலியாணம் பேசுகிறார். பொருந்தாத சாதகத்தைத் திருப்பிக் கொடுக்கமாட்டார், புதிதாக எழுதிவிடுவார். செவ்வாயை இடம் மாற்றுவது அவருக்குக் கதிரையை நகர்த்துகிற மாதிரி. இதுவரை ஒரு சம்பந்தியும் கண்டுபிடிக்கவில்லை. என் கலியாணமும் அவர் பேசியதுதான். அதனால் மேலே சொல்லவில்லை.

போன கிழமை கஜானி குப்பிப் பெட்டியோடு அவர் வீட்டுக்கு வந்தாள்.

"அங்கிள், சுன்னாகத்துக் குப்பியிலையும் தொண்டைமானாற்றுக் குப்பியிலையும் ஒரே மரநாய்."

"இரட்டைப் பிள்ளையளா இருக்கும்."

"ஏழு சோடி இரட்டையோ?"

தேவராசா வெற்றிலையை மெதுவாக மென்றார். "சரியான வெயில் பிள்ளை. தொண்டைமானாறு வரைக்கும் சைக்கிள் மிதிக்கேலாமல், இங்கை கிடந்ததைப் பாதி பாதியாப் பிரிச்சுப் போட்டன்."

"மிச்சக் குப்பியளை நான் எப்பிடி நம்புறது? எது பொய் எண்டு தெரியாட்டி உங்கடை அறுபதையும் எறியவேணும். என்ரை இரண்டு வருச வேலை."

அவள் சத்தம் போடவில்லை. ஏசியிருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

கண்ணாடியைப் போட்டார். குப்பிகளை மேசையில் பரப்பி, ஒட்டியிருந்த ஊர்ப் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, பொய்யானவற்றை ஓரத்தில் ஒதுக்கினார். ஏழு அல்ல, பதினொன்று.

"உவ்வளவும்தான். மற்றதெல்லாம் சத்தியமாச் சரி."

கஜானி நல்லவற்றைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள். தேவராசா எழுந்து சைக்கிளடிக்குப் போனார். வெள்ளிக்கிழமை பெண் வீட்டில் கொடுக்கவேண்டிய மாப்பிள்ளை மயூரதனின் சாதகம் இடப்பக்கப் பையில் இருந்தது. அவர் முதல்நாள்தான் செவ்வாயை நகர்த்தி எழுதி முடித்தது. அதை எடுத்தார். பிறகு உள்ளே வந்து, ஒதுக்கிய பதினொரு குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.