எட்டாவது கிண்ணம்

காஜா பேராங் சாலையில் அந்தப் பஞ்சுக் கிடங்கு இருந்த காலத்தில், சனிக்கிழமை பதினோரு மணியானால் தெருவே ஒரு தடவை காதைப் பொத்திக்கொள்ளும். கருணாகரன் தீ மணியை அடித்துப் பார்க்கிற நேரம் அது. எதிர்க் கடைக்காரர்கள் அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். கிடங்கில் கணக்கெழுதும் கிராணி சொக்கப்பன் மட்டும் எழுதுகிற காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்.

"என்ன கருணா, கோயில் மணி அடிச்சாச்சு. பிரசாதம் எங்க?"

"தீப்பிடிச்சாத்தான் அண்ணே பிரசாதம்."

"அப்ப எனக்கு வேணாம்ப்பா. நீயே வச்சுக்க."

கிடங்கைக் கூட்டிக்கொண்டிருக்கும் சந்திரமதி இதைக் கேட்டு வாய்க்குள்ளேயே சிரித்துக்கொள்வாள். கருணாகரன் அவள் கணவர். இருவருக்கும் கிடங்கின் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பிள்ளை இல்லை. அவருக்கு ஜாகா வேலை, கிடங்குக்குக் காவல். அவளுக்குக் கூட்டுகிற வேலையும், எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்குகிற வேலையும்.

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவி வளர்ந்தவர் கருணாகரன். எழுதப் படிக்க அரைகுறையாகத்தான் தெரியும். மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் முதலாளி அந்தத் தீ மணியை வாங்கி மாட்டினார். இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டார்களாம். சிங்கப்பூரிலிருந்து வந்த மெக்கானிக் மூன்று நாள் தங்கி வேலை பார்த்தபோது, கருணாகரன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். போகும்போது அந்த ஆள் திருப்புளியை இவர் கையில் கொடுத்து, இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை அவருக்கு. அவ்வளவு சந்தோஷம்.

கூரையில் எட்டு இடத்தில் பித்தளைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மெல்லிய தகடுகள், நடுவில் மயிரிழை அளவு இடைவெளி. சூடு ஏறினால் ஒரு தகடு வளைந்து மற்றதைத் தொடும், மணி அடிக்கும். கீழே கண்ணாடி ஜாடிகளில் பேட்டரி. ஜாடியில் தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும், முனையில் பூக்கிற பச்சைப் பாசியைத் துடைக்க வேண்டும். எல்லாவற்றையும் சாமி காரியம் போலச் செய்வார்.

மெக்கானிக் இரண்டு விஷயம் சொல்லியிருந்தான். சனிக்கிழமை அமுக்குகிற பொத்தான் மணிக்கும் பேட்டரிக்கும் உயிர் இருக்கிறதா என்றுதான் காட்டும், கிண்ணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு வருஷம் ஒரு தடவை வெந்நீரில் முக்கிய துணியை ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒற்றிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கிண்ணத்துக்குச் சூடுதான் தெரியும், புகை தெரியாது.

மறு வருஷம் சரஸ்வதி பூசைக்கு நான்கு நாள் முன்னால் கருணாகரன் வெந்நீர்த் துணியோடு ஏறினார். எட்டுக்கும் மணி அடித்தது. நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு பூசைக்காக எட்டையும் கழற்றிக் கொண்டுவந்து புளி போட்டுத் தேய்த்தார். கிடங்கின் ஊசி, கத்தரி, தராசு, சாக்குக் கொக்கி எல்லாம் படத்துக்கு முன்னால் இருந்தன. அவற்றோடு கிண்ணங்களையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். பொன்னாக மின்னின.

பொட்டு வைப்பது எப்போதும் சந்திரமதிதான். குனிந்து ஒவ்வொன்றாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள். கடைசிக் கிண்ணத்துக்கு வந்தபோது சொக்கப்பன் பின்னாலிருந்து சொன்னார்.

"தாயி, அது மேல்மாடி பின்னறைக் கிண்ணந்தானே? என் தலைக்கு மேல தொங்கறது. அதுக்குக் கொஞ்சம் பெரிய பொட்டா வை. என்னை அதுதானே காப்பாத்தணும்."

சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பின்னறையில், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்து அரை மணி நேரம் கண்ணயர்வது அவர் வழக்கம். எல்லாரும் சிரித்தார்கள். சந்திரமதியும் சிரித்துக்கொண்டே ஒரு விரல் நிறையச் சந்தனம் எடுத்தாள். வளைந்த வெளிப்பக்கத்தில் அது நிற்கவில்லை, வழிந்தது. கிண்ணத்தை மல்லாத்தி உள்ளே வைத்தாள். அழகாக உட்கார்ந்துகொண்டது. நடுவில் குங்குமம்.

மறுநாள் காலையில் கருணாகரன் எட்டையும் துணியால் துடைத்து, ஏறி மாட்டினார். பொத்தானை அமுக்கினார். மணி அடித்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அடித்தது.

மாசி மாதம், புதன்கிழமை மதியம், இரண்டு மணி இருக்கும். சந்திரமதி குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈர வைக்கோல் கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மேல்மாடிக் கதவிடுக்கில் மஞ்சள் புகை. "ஏங்க" என்று ஒரே ஒரு தடவைதான் கத்தினாள். கருணாகரன் ஓடிவந்து, சுவரில் இருந்த பெட்டியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்துப் பொத்தானை அமுக்கினார். அப்போதுதான் மணி அடித்தது.

பின்னறையில் ஒரு மூட்டை உள்ளுக்குள்ளேயே கனிந்து கனிந்து எரிந்திருக்கிறது. எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. கருணாகரன் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போய்ச் சொக்கப்பனைத் தோளில் தூக்கி வந்தார். பொம்பா வண்டி வந்து தண்ணீர் அடித்துத் தீயை அணைத்துவிட்டது. சொக்கப்பன் உடம்பில் ஒரு காயம் இல்லை. புகைதான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கருணாகரனின் வலது கைதான் வெந்து கொப்பளித்திருந்தது.

தீ அணைந்த மறுநாள் விடிந்ததும், கட்டுப் போட்ட கையோடு அவர் ஏணியில் நிற்பதைச் சந்திரமதி கதவருகிலிருந்து பார்த்தாள். இடது கையில் சிறு கத்தி. கரி படிந்த கிண்ணத்துக்குள் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். செங்கல் பொடி மாதிரித் துகள்கள் கீழே விழுந்தன. அவள் குனிந்து ஒன்றைத் தொட்டாள். ஒரு பக்கம் கருகல். உடைந்த பக்கத்தில் சிவப்பு.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கூட்டிடு" என்றார்.

"ஏங்க, இது நான் வச்ச..."

"கூட்டிடு சந்திரா. ஆளுங்க வர்ற நேரம்."

கூட்டினாள்.

பத்து மணிக்குப் பொம்பா அதிகாரி வந்து கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தார். தகடுகளுக்கு நடுவில் என்னவோ இறுகிக் கிடக்கிறதே, யார் இதைப் பார்த்துக்கொள்வது என்று மலாயில் கேட்டார். கருணாகரன் முன்னால் வந்தார். தான் இந்த ஒன்றை மட்டும் துடைக்கவில்லை, சோதிக்கவும் இல்லை, அழுக்கு சேர்ந்திருக்கும் என்றார். அதிகாரி நோட்டைப் புரட்டினார். எட்டும் அடித்தது என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"அப்ப இது பொய்யா?"

கருணாகரன் தலையைக் குனிந்துகொண்டார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற சந்திரமதி அதிகாரிக்கு ஒரு குவளையை எடுத்து நீட்டினாள்.

கிண்ணம் சரியாக இருந்திருந்தாலும் சந்தேகம்தான், பஞ்சில் சூடு ஏறுவதற்கு வெகு முன்னாலேயே புகை ஆளை அமுக்கிவிடும் என்று அந்த அதிகாரியே போகும்போது சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. சோதிக்காமலே சோதித்ததாக எழுதி ஒரு மனுஷனைக் கொன்றவன் என்ற பேர் காஜா பேராங் முழுவதும் பரவிவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கருணாகரன் தெங்கேராவில் சொக்கப்பன் வீட்டுக்குப் போனார். சொக்கப்பன் மனைவி உமையாள் ஆச்சி வாசலுக்கு வந்தாள், அவரைப் பார்த்தாள், கதவைச் சாத்திவிட்டாள். மழையில் நனைந்துகொண்டே திரும்பி வந்தார்.

வேலை போனது. குருபோங் பக்கம் ஒரு தோட்டத்தில் புல் வெட்டப் போனார்கள். கொப்பளம் ஆறினாலும் அவர் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. சந்திரமதி எத்தனையோ தடவை அந்தப் பேச்சை எடுத்தாள்.

"நான் போய்ச் சொல்லிடறேங்க."

"என்னன்னு சொல்லுவ? நீ வச்சது பொட்டு. துடைச்சு மாட்டினது நான். உள்ள பாத்தனா? மாட்டினதுக்கப்பறம் துணி வச்சுப் பாத்தனா? பேசாம இரு."

பேசாமலே இருந்தாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் எந்த வேலையில் இருந்தாலும் ஒரு நிமிஷம் கை நின்றுவிடும். அவள் கவனித்திருக்கிறாள். பூசைக்கு அவள் சந்தனம் அரைப்பதை நிறுத்தியதை அவரும் கவனித்தார். ஏன் என்று கேட்கவில்லை.

நான்கு வருஷம் கழித்து ஐப்பசியில் காய்ச்சல் வந்து அவர் போய்ச் சேர்ந்தார். நான்கைந்து பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவன், பஞ்சுக் கிடங்கு கருணாகரன்தானே என்று பக்கத்து ஆளிடம் கேட்டது அவள் காதில் விழுந்தது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் பஸ் ஏறித் தெங்கேராவுக்குப் போனாள்.

உமையாள் ஆச்சி நரைத்துப்போயிருந்தாள். இவளை அடையாளம் தெரிந்துகொண்டு, உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சந்திரமதி வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டு, மல்லாத்திய கிண்ணம், கத்தி, கூட்டின துகள். வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"பெரிசா வைன்னு அவரா கேட்டாரு?"

"ஆமா ஆச்சி."

"பேராசை புடிச்ச மனுஷன்" என்றாள் ஆச்சி. உதடு கோணியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நாலு வருஷம் ஆச்சா இதைச் சொல்ல?" என்றாள்.

"அவரு சொல்ல விடல. நானும் அதையே சாக்கா வச்சுக்கிட்டேன்."

"பதினாறு அன்னைக்கு உன் வீட்டுக்காரரு கையில கட்டுப் போட்டிருந்தாரு" என்றாள் ஆச்சி. "இவரைத் தூக்கிட்டு வந்த கைன்னு தெரியும். அதைப் பாத்துக்கிட்டேதான் கதவைச் சாத்தினேன்."

உள்ளே எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆச்சி கதவின் இன்னொரு பாதியையும் திறந்து வைத்தாள்.

"அவருக்குத் திதி என்னைக்கு?"

"ஐப்பசி, தேய்பிறைச் சதுர்த்தி, ஆச்சி."

ஆச்சி அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.