ஒட்டாமல் வைத்த இரண்டு சட்டங்கள்

அண்ணனின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். அண்ணன் இருந்திருந்தால் தன்னைப் பற்றி ஒரு வரிகூட அச்சடிக்க விட்டிருக்க மாட்டார். இப்போது தடுக்க ஆளில்லை.

அண்ணன் பிறந்தது குறிஞ்சிப்பாடியில். அப்பா பிறர் வீட்டுத் தறியில் நெய்தவர். அவர் படுக்கையில் விழுந்ததும் அண்ணன் படிப்பை விட்டுவிட்டு நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். நிலக்கரி ஓடும் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் வேலை. பர்மனென்ட் ஆவதற்குள் தலையில் பாதி நரைத்துவிட்டது. எனக்குத் திருமணம் செய்து வைத்தது அந்தக் கான்ட்ராக்ட் காலத்தில்தான். தன் திருமணத்தை மட்டும் பர்மனென்ட் ஆகட்டும் என்று தள்ளிப் போட்டார். அதனால் அண்ணி வந்ததும் தாமதம், மகள் பிறந்ததும் தாமதம்.

அந்தச் சொல் அவர் வாயில் அப்படியே தங்கிவிட்டது. இருமல் விடாவிட்டால், பர்மனென்ட் ஆகிவிட்டதா என்று கேட்பார். ஊருக்குக் கிளம்பாத விருந்தாளியும் அவருக்குப் பர்மனென்ட்தான்.

மகள் நகரியத்தில் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து கிடார் பழகினாள். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டபோது, கடையில் எதற்கு, நானே செய்து தருகிறேன் என்றார் அண்ணன். 'தானே' புயலில், வடக்குத்து ஊரில் என் வீட்டுப் பலாமரம் சாய்ந்திருந்தது. அதை அறுத்துப் பலகையாக்கி, ஒரு கோடை முழுக்க நிழலில் காயவைத்தார். குவார்ட்டர்ஸ் பின்பக்கத் தகரக் கொட்டகைதான் பட்டறை. ஷிப்ட் முடிந்து வந்தால் நேரே அங்கேதான். சாப்பாட்டுத் தட்டைக் கொட்டகைக்கே அனுப்பிவிடலாமா என்று அண்ணி கேலி செய்வார்.

கிடாரின் மேல்பலகைக்கு அடியில், வெளியே தெரியாமல், இரண்டு மெல்லிய சட்டங்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகும். தந்திகள் இழுக்கும் இழுப்பை அவைதான் தாங்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாதி ஆழத்துக்குக் காடி என்கிற பள்ளம் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று அமர்த்த வேண்டும். இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெல்ட் வேலையில், ஓடுகிற இரும்புக்கு நடுவே கொஞ்சம் பிளே, அதாவது இடைவெளி, விட வேண்டும், இல்லையென்றால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். அது அவருக்கு ஊறிப்போன பாடம். மரத்துக்கும் பிளே விட்டுவிட்டார். தச்சர் எவரும் செய்யாத தவறு அது, ஃபிட்டர் மட்டுமே செய்வது. காடியில் மிஞ்சிய இடத்தைப் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்தார்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு அந்தக் கிடாரை மகள் கொண்டு போனாள். அண்ணனும் கூடப் போனார். தந்தியை முறுக்கும்போதே உள்ளே சடக்கென்று சத்தம் கேட்டு, மேல்பலகை குழிந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். மகளும் சிரித்துவிட்டு, பரவாயில்லை அப்பா என்றாள். அந்தப் பரவாயில்லைதான் அவரை அதிகம் வருத்தியது. கிடாரைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்து பரண்மேல் போட்டார்.

ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்தில் எங்கள் தெருவுக்கே வந்த பிறகு, அங்கேயும் ஒரு கொட்டகை போட்டு மீதிப் பலகையை எடுத்தார். மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் திருமணத் திருப்பலியில் இந்தக் கிடார்தான் ஒலிக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. இம்முறை காடிக்கென்றே ஒரு கருவி செய்தார். இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு உடைந்ததில் இரண்டு துண்டு. நடுவே மகளின் பள்ளிக்கூட மர ஸ்கேலிலிருந்து நறுக்கிய ஒரு சில்லு. மூன்றையும் ஒரு மரக்கட்டைப் பிடியில் சேர்த்து முடுக்கினார். ஒரே இழுப்பில் காடியின் இரு பக்கமும் அறுபடும், நடுவில் நிற்பதை உளியால் தட்டி எடுத்துவிடலாம். பாதி ஆழம் போனதும் பிடி சட்டத்தில் முட்டி நின்றுவிடும். முதலில் காடி அகலமாக விழுந்தது. சில்லைக் கொஞ்சம் தேய்ப்பார், வேண்டாத கட்டையில் அறுத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். சில்லோடு இரண்டு பிளேடையும் சேர்த்துத்தான் சட்டத்தின் தடிமன் வர வேண்டும் என்பது பிடிபட்ட அன்று, நடுத்தெருவில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். ஒரு சட்டத்தைத் தூக்கினார், மற்றதும் சேர்ந்து வந்தது. பசை ஒரு சொட்டும் இல்லை. அப்புறம் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டேன்.

"இருக்கட்டும்மா. இப்ப கான்ட்ராக்ட்ல இருக்குது. நல்லா பாத்துக்கினு பர்மனென்ட் பண்ணலாம்."

பார்த்துக்கொண்டே இருந்தார். மழை ஈரத்தில் மரம் உப்பும் என்பார், வெயிலில் சுருங்கும் என்பார். வருகிறவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டுவார், திரும்ப வைத்துவிடுவார். உண்மையில் அவருக்குப் பயம். அந்தச் சடக் சத்தம் அவர் காதைவிட்டுப் போகவே இல்லை. திருமண நாள் வந்தது. பாடகர் குழுப் பையன் தன் கிடாரை வாசித்தான். அண்ணன் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மகள் வேலைக்கு லீவு போட்டு வந்து பக்கத்திலேயே இருந்தாள். ஒரு நாள் இடது கையால் கொட்டகைப் பக்கம் காட்டி, குழறலாகச் சொன்னார்.

"நீயே ஒட்டிடும்மா."

"நீங்க எழுந்து வந்து ஒட்டுங்கப்பா" என்றாள் அவள்.

தெம்பாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். நாங்களும் ஆமாம் என்றோம். எங்களில் யாருமே கெட்டதை நினைக்கவில்லை. ஆனால் அண்ணன் எழுந்து வரவில்லை.

அந்த நாட்களில் கூப்பிட்ட குரலுக்கு வண்டி எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டிய பழைய ஷிப்ட் நண்பர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டு வந்த தெருப் பெண்களுக்கும், கல்லறை வரை பாடி வந்த பாடகர் குழுவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணியால் எழுத முடியவில்லை. அவருக்கும் சேர்த்து நான் கும்பிடுகிறேன்.

இந்த மலருக்குப் படம் தேட வந்த மகள், கொட்டகையில் அந்தச் சட்டங்களைப் பார்த்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு பசை குழைத்துக் காடியில் தடவி, அமர்த்தி, மேலே அப்பாவின் பெல்ட் இரும்புத் துண்டு ஒன்றைப் பாரமாக வைத்தாள். காலையில் பாரத்தை எடுத்துவிட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னாள். இழுத்தேன். அசையவில்லை. ஒரு ராத்திரி காய்ந்தால் போதும் என்பது இத்தனை வருடமும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணா, பர்மனென்ட் ஆயிடுச்சு.