கோப்பையை மறித்த கை

சென்ற வாரம் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்னும் ஊரின் சந்தையில், செம்பனை எண்ணெயில் வாழைப்பழம் பொரியும் வாசனை என்னை வழிமறித்தது. கால்கள் தாமாகவே திரும்பி, முன்னர் தலைமுடி பின்னும் கடை இருந்த இடத்தில் போய் நின்றன.

அது குவாபெனா என்னும் கானா நண்பரின் மனைவி நடத்திய கடை. ஞாயிறு பிற்பகல்களில் அதன் பின்னறையில் அவரும், நைஜீரியரான அடேயும், வேறு சிலரும் கூடி, ஆபிரிக்கத் தத்துவம் என்று ஒன்று உண்டா என வாதிடுவர். அவர்கள் பட்டதாரிகள், அடியேனோ அகராதியின் தோளைப் பிடித்து நடந்தவன்.

"எங்கட தேவாரம் காணாதெண்டோ அங்க போறியள்?" என்று என் மனைவி சீண்டுவாள்.

நான் போனதற்குக் காரணம் குவாபெனா முதல் நாள் சொன்ன ஒரு வார்த்தை. "ஊரில நான் அசாந்தி இனத்தவன். ஆபிரிக்கன் ஆனது லண்டனிலதான்." அவர் பேசியது ஆங்கிலமே, ஆனால் என் நினைவில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழே பேசுகின்றனர். வேலணைக் கிராமத்திலிருந்து லண்டன் வந்து ‘ஏசியன்’ ஆகிவிட்ட எனக்கு அவ்வார்த்தை போதுமானதாயிருந்தது.

பேச்சுத் தொடங்குமுன் குவாபெனா முன்னோரை அழைத்துக் கோப்பையிலிருந்து தண்ணீர் வார்ப்பார். ஒருநாள் அடே எழுந்து அந்தக் கோப்பையை மறித்துப் பிடித்தார்.

"இது சடங்கு. ஒருத்தன் எழும்பி மறுத்துக் கேட்டாத்தான் தத்துவம்."

"வெள்ளைக்காரன் மாதிரிக் கேக்கோணுமோ? கையை எடும். இல்லையெண்டா இண்டையோட இந்த அறையைப் பூட்டிப்போடுவன்."

இருவரும் கோப்பையை விடவில்லை. குவாபெனா என் பக்கம் திரும்பினார்.

"நீர் சொல்லும். உங்கட ஆக்கள் செத்தவைக்குத் தண்ணி விடுறேல்லையோ?"

"ஓம், விடுறனாங்கள். ஏனெண்டு ஐயரிட்டக் கேட்டன். வாயை மூடச் சொன்னார்."

"பாத்தீரோ!" என்றார் அடே.

குவாபெனா சிரிக்கவில்லை. "எங்கட ஊரில ஒருத்தரும் வாயை மூடச் சொன்னதில்லை. தண்ணி விட்ட பிறகுதான் சண்டையே துவங்கும். மறுத்துக் கேக்கிறதுக்குத்தான் செத்தவையைக் கூப்பிடுறது."

அடே, பிடியை விடாமலே, கோப்பையைத் தாமும் சேர்ந்து சரித்தார்.

"அப்ப என்ர முதல் கேள்வி அவையிட்டத்தான்."

அன்று ஏழு மணிவரை சண்டை ஓயவில்லை.

இன்று அவ்விடத்தில் கைபேசிக் கடை. குவாபெனா அக்ராவுக்குத் திரும்பினார், அடே காலமானார். என் வீட்டில் நான் எதைச் சொன்னாலும், பிள்ளைகள் "ஓம் அப்பா" என்று பணிவாகத் தலையாட்டுகின்றனர். தந்தையின் திவசத்தில் தண்ணீர் வார்க்கும்போது சற்றே தாமதித்துப் பார்க்கிறேன். மறிப்பதற்கு ஒரு கையும் வருவதில்லை.